ஆற்றுவித்தல்: அம்மையார் அந்தாதியும் வேறுபட்ட மனத்தார் வாசிப்பும்

அகத்திணைப் பாடல்களில் ஆற்றுவித்தல் தோழிக்கு உரிய தொழில். தலைவன் குறித்துச் சென்ற பருவம் வந்தது கண்டு தலைவி கலங்குவாள். இஃது அப்பருவம் அன்று எனத் தோழி வற்புறுத்துவாள். முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் நற்சொற் கேட்டு வந்து தலைவிக்கு உரைக்கின்றனர். அவள் கலக்கமோ அவ்வுரையால் தீர்ந்தபாடில்லை. இவ்வாறு ஆறுதல் என்பது பாட்டினுள்ளே ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யும் செயலாகவே பெரிதும் பேசப்பட்டுள்ளது. பாட்டே தன்னைக் கற்பாரை ஆற்றுவிக்குமோ என்னும் வினா அவ்வளவு பேசப்படவில்லை. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாட்டினுள் நகையும் அழுகையும் உண்டு. அச்சமும் உவகையும் உண்டு. ஆறுதல் என ஒன்று தனியே எண்ணப்படவில்லை.

ஆயினும் நூலிடத்தும் திரைப்படத்திடத்தும் ஆறுதல் தேடிச் செல்வோர் எக்காலத்தும் உளர். அவருள்ளும் ஒரு சாராரின் வாசிப்பை ஈண்டு ஆராய விரும்புகின்றோம். மூளை இயங்கும் முறையால் பெரும்பான்மையோரினின்று வேறுபட்டோரே அவர். அவர்தம் நிலையைக் குறிக்க நரம்பியல் பன்மை என்னும் தொடர் 1990-களில் மேலைநாட்டில் தோன்றிய கருத்தினின்று தமிழில் வந்து வழங்குகின்றது. ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலை, எழுத்துகளைப் படித்தறிவதில் இடர்ப்பாடு முதலியன இதனுள் அடங்கும். ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றற் குறைபாடுகளையும் இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைகளுள் வைத்து எண்ணியுள்ளது. சட்டம் இவர்களைக் கண்டுகொண்டது. இலக்கியத் திறனாய்வு இன்னும் கண்டுகொண்டதாகத் தோன்றவில்லை.

ஆய்வுக்கு யாம் எடுத்துக்கொண்ட நூல் காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி. அதனோடு அவருடைய மூத்த திருப்பதிகங்களையும், சேக்கிழார் பாடிய வரலாற்றையும், 1973-இல் ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் வெளிவந்த ‘காரைக்கால் அம்மையார்’ திரைப்படத்தையும் ஒப்பிடுவோம். ஒன்றை முதற்கண் தெளிவுறுத்தல் வேண்டும். அம்மையாருக்கு இந்நிலை இருந்தது, அந்நிலை இருந்தது என்று நாடி பார்ப்பது எம் நோக்கமன்று. பதினான்கு நூற்றாண்டுகட்கு முன்னர் வாழ்ந்தார் எனக் கருதப்படும் ஒருவர்க்கு இக்கால மருத்துவப் பெயர் சூட்டுவது வரலாற்றுக்கும் பொருந்தாது, மருத்துவத்துக்கும் பொருந்தாது. பாடியவரை விடுத்துப் படிப்பாரைப் பற்றியே பேசுகின்றோம்.

தம்மைப் போன்ற ஒருவரை நூலிற் கண்டால் ஆறுதல் பிறக்கும் என்பது இதுபற்றி உலகோர் எளிதிற் கூறும் விடை. இவ்விடை பொய்யன்று, ஆனால் குறையுடையது. தமிழில் இத்தகைய மாந்தரை நடுவில் நிறுத்திய படைப்புகள் சில உள. அறிவு வளர்ச்சி குன்றிய தந்தை ஒருவரை நாயகராகக் கொண்டு ‘தெய்வத் திருமகள்’ 2011-இல் வந்தது. ஆட்டிசமுடைய சிறுவனையும் காவல்துறை அதிகாரியாகிய அவன் தந்தையையும் காட்டும் ‘ஹரிதாஸ்’ 2013-இல் வந்தது. ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ என்னும் நூலை எழுதிய யெஸ். பாலபாரதி, ‘துலக்கம்’ என்னும் நாவலையும் அதே பொருள்மேல் எழுதியுள்ளார். இவற்றாற் பயன் விளைந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் இவை யாரை நோக்கிப் பேசுகின்றன? ஹரிதாசில் சிறுவனின் ஓட்டத்திறன் கண்டறியப்பட்டு, அவன் ஓடி மேம்படுவதே கதையின் உச்சம். ஏதேனும் ஒரு திறத்தால் தன் வேறுபாட்டுக்கு ஈடு செய்தால் உலகம் ஏற்கும் என்பது அதன் உட்கிடை. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அது பேராறுதல். ஓடத் தெரியாத சிறுவன் ஒருவன் அரங்கில் அமர்ந்து அதனைப் பார்ப்பானாயின் அவனுக்கு எஞ்சுவது யாது?

ஆட்டிசமுடைய அறிஞராகிய டெம்பிள் கிராண்டினைப் பற்றி ஆலிவர் சாக்ஸ் எழுதிய கட்டுரை 1995-இல் நூலுருப் பெற்றது. ரோமியோ ஜூலியட் நாடகம் அவருக்கு விளங்காப் புதிராகவே இருந்தது என்றும், ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் வரும் டேட்டா என்னும் இயந்திர மாந்தனிடத்தே அவர் தம்மைக் கண்டார் என்றும் அக்கட்டுரையால் அறிகின்றோம். இச்செய்தி எண்ணத்தக்கது. தம் நிலையை உடைய நோயாளர் ஒருவரை அவர் தேடவில்லை. மாந்தரல்லாத, ஆனால் மாந்தரிடையே வாழும் ஒன்றன்பாற் சென்று தங்கினார். ஒப்புமை என்பது உருவொப்புமையன்று; நின்ற இடத்தின் ஒப்புமை.

இந்நோக்கோடு காரைக்காலுக்கு வருவோம். பெரியபுராணத்துள் அம்மையார் வரலாறு 66 பாடல்களால் ஆயது. புனிதவதியார் மாங்கனி வேண்டிப் பெற்றதும், கணவன் பரமதத்தன் அஞ்சிக் கலமேறி நீங்கியதும், பாண்டிநாட்டுக் கடற்கரைப் பட்டினத்தில் வேறு மணம் புரிந்ததும் யாவரும் அறிந்தன. உறவினர் புனிதவதியாரைச் சிவிகையில் ஏற்றிக் கொண்டுபோய் அவன்முன் நிறுத்துகின்றனர். அவன் தன் புது மனைவியொடும் மகளொடும் வந்து காலில் விழுகின்றான். இவர் மானுடர் அல்லர் என்கின்றான். சேக்கிழாரின் நாடகத்திறன் இவ்விடத்து உச்சம் எய்துகின்றது. சுற்றத்தார் ஒரு பெண்ணை மனைவியாக அறிவர். அஃது இயலாதெனின் தெய்வமாக அறிவர். இரண்டற்கும் இடையில் ஓர் இருக்கையை அவர்கள் அறியார். வணங்கப்படுவதும் விலக்கப்படுவதே என்பதைப் புனிதவதியார் அக்கணமே உணர்ந்தார் போலும். கணவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேய் வடிவம் வேண்டிப் பெறுகின்றார். சூழ நின்ற சுற்றத்தார் தொழுது அஞ்சி அகல்கின்றனர்.

இதன்பின் வழியிற் கண்டோர் வெருண்டோட, இறைவன் என்னை அறிவானாயின் அறியாத மக்களுக்கு யான் எவ்வுருவாய்த் தோன்றினால் என்ன என அம்மையார் எண்ணியதாகச் சேக்கிழார் பாடுகின்றார். தம் முகக்குறிப்பும் நடையும் குரலும் பிறர்க்குப் பொருந்தாமையால் நாள்தோறும் நோக்கப்படும் ஒருவர், இப்பாட்டின்கண் நெடிது நிற்பர் என்பதில் வியப்பில்லை. டேமியன் மில்ட்டன் என்னும் ஆட்டிசமுடைய ஆய்வாளர் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்துக் குறையன்று, இரு திறத்தார்க்கும் இடையே நிகழ்வது என்பது அது. சேக்கிழாரின் சுற்றத்தார் அம்மையாரைப் புரிந்துகொள்ளாமை அம்மையாரின் குறையாக அப்பாட்டிற் பேசப்படவில்லை என்பதை இதனோடு வைத்துக் காண்க.

எனினும் சேக்கிழாரின் நோக்கம் விளக்குதல். பேயுருவம் ஏன் வந்தது என்பதற்குக் காரணம் காட்டுகின்றார். காரணம் காட்டிய அளவிலே அச்சந்தரும் வேறுபாடு அடியார் கூட்டத்துக்கு உரியதாகிவிடுகின்றது. திரைப்படம் இவ்விளக்கத்தை மேலும் நீட்டிற்று. இளமைப் புனிதவதியாக லட்சுமியும், உருமாறிய அம்மையாராக கே. பி. சுந்தராம்பாளும் நடித்தனர். சுந்தராம்பாளின் குரல் தமிழகம் அறிந்து போற்றிய குரல். அவர் தோன்றியவுடன் அரங்கு கைகூப்பும். ஆனால் முதற் பதிகம் காட்டும் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணும் திரையில் இல்லை. (நரம்பு என்னும் சொல் ஈண்டு வந்து வாய்த்தது தற்செயலே, அதன்மேல் யாம் ஏதும் கட்டவில்லை.) பேய் முதிய தாயாயிற்று. பார்ப்போர் அஞ்சாதவண்ணம் வேறுபாட்டை இனிதாக்கித் தருவது வெகுமக்கள் கலையின் இயல்பு. அவ்வினிமை பார்ப்போர்க்கு ஆறுதல், பார்க்கப்படுவோர்க்கு அன்று.

அம்மையாரின் பாடல்களுக்குள் புகுந்தால் மாங்கனி இல்லை, பரமதத்தன் இல்லை, சிவிகை இல்லை. தம் வரலாற்றை அவர் சொல்லவேயில்லை. தம்மை யாரென்று கூறவேண்டிய முத்திரைப் பாடல்களிற் காரைக்காற் பேய் என்று கூறி அமைகின்றார். ஊர்ப்பெயரும் பேயென்னும் பெயருமே அவர் ஏற்ற அடையாளம். அப்பெயருக்கு அவர் சமாதானம் கூறவில்லை; மன்னிப்பும் வேண்டவில்லை. இவ்வமைதி பெரியபுராணத்திலும் இல்லை, திரையிலும் இல்லை.

இனி யாப்பை நோக்குவோம். எம் கருத்தின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆயது. வெண்பாவினுள் வெண்டளையன்றிப் பிற தளை புகாது. ஈற்றடி மூன்று சீரால் முடியும். இறுதிச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாகவே நிற்கும். ஒரு வெண்பாவின் ஈறு அடுத்ததன் முதலாகும். நூலின் தொடக்கச் சொல்லும் முடிவுச் சொல்லும் ஒன்றே: பிறந்து. திருவிரட்டை மணிமாலையிலோ வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி 20 பாடல்களாக வரும். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்றொழித்து 16 எழுத்து. நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. அடுத்து வருவது யாது என்பது முன்னரே உறுதி செய்யப்பட்ட ஓர் உலகு இது.

1943-இல் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை முதன்முதல் விரித்தெழுதியபொழுது, மாறாமையின்மேல் அவர்கள் வைத்த தீராப் பற்றை ஒரு முதன்மைக் குறியாகக் கூறினார். (அதே ஆண்டில் காரைக்கால் அம்மையார் பெயரால் முதலில் ஒரு தமிழ்ப்படம் வந்ததும் உண்டு, காலப்பொருத்தம் என்பதன்றி அதற்குப் பொருளில்லை.) மருத்துவர்க்குக் குறியாகத் தோன்றுவது அந்நிலையுடையார்க்கு நிற்றற்குரிய நிலம். புறவுலகம் முன்னறிவிப்பின்றி மாறிக்கொண்டே இருக்கின்றது. ஒலி மிகுகின்றது, ஒளி தாக்குகின்றது, பேசுவோர் சொல்லொன்றும் பொருளொன்றுமாகப் பேசுகின்றனர். அத்தகைய உலகினின்று திரும்புவோர்க்கு, விட்ட சொல்லிலேயே மீண்டும் தொடங்கும் அந்தாதி ஒரு கைப்பிடி. முதற்பாட்டு எங்கே விட்டதோ அங்கேயே இரண்டாம் பாட்டு அவரை ஏற்றுக்கொள்ளும். நூறு பாடல் கடந்த பின்னும் அவர் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வர். மனனம் செய்தற்கு எளிமை கருதியே அந்தாதி எழுந்தது என்பர். அவ்வுரை உண்மையே, மனத்துக்கு எளிமை என்பதும் அதனுள் அடங்கும்.

வடிவம் மட்டுமன்று. முதல் வெண்பா இடர் எப்பொழுது தீரும் என்னும் வினாவோடு முடிகின்றது. அதன் இறுதிச் சொல் இடர். இரண்டாம் வெண்பா அச்சொல்லையே எடுத்துத் தொடங்குகின்றது. விடை வரும் என்று எதிர்பார்ப்போம், வருவது விடையன்று. இடரைக் களையாவிடினும், இரங்காவிடினும், வழி காட்டாவிடினும் என் நெஞ்சம் அன்பு நீங்காது என்பதே அதன் கருத்து. தீர்வை நிபந்தனையாக வையாத உறவொன்று இரண்டாம் பாட்டிலேயே நிறுவப்பட்டுவிடுகின்றது. அந்தாதித் தொடையின் இணைப்புச்சொல் ஈண்டுப் பொருளின் இணைப்பாகவும் நின்று, வினாவை விடையின்றியே அமைதிப்படுத்துகின்றது. வெறும் ஓசைப் பொருத்தமாக மட்டும் அந்தாதியை மாணவர்க்குக் கற்பிப்போர் இவ்விடத்தைச் சற்று நின்று காணல் வேண்டும்.

ஆறுதல் என்னும் சொல்லும் இதனையே காட்டும். புண் ஆறும், பால் ஆறும், சினம் ஆறும். மூன்றிடத்தும் பொருள் தணிதல். தணிந்த பின்னும் புண்பட்டவன் அவனே, தழும்பும் அவனுடையதே. வேறுபட்ட மனத்தாரைக் குணப்படுத்த முற்படும் நூல்கள் பல. அவர் இடர் தணியுமளவு உடனிருக்கும் நூல் சிலவே.

இனி ஒரு தடையை ஆராய வேண்டும். கூறியது கூறல் குற்றம் என்பது நூற்குற்றம் பத்தனுள் ஒன்று. தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் இதனைக் கூறும். ஒரே நூலை நூறுமுறை படிப்பதும், ஒரே திரைப்படத்தை மனப்பாடமாகும்வரை காண்பதும், அதன் உரையாடலை இடம் நோக்காது ஒப்பிப்பதும் வாசிப்புக் குறையே என்பர் சிலர். ஆட்டிசமுடைய குழந்தைகள் கேட்ட தொடரை அவ்வாறே திருப்பிக் கூறுவதைச் சொல்லெதிரொலிப்பு எனலாம். அதனைப் பொருளற்ற ஒலியென்று நெடுங்காலம் ஒதுக்கினர். எம் கருத்து வேறு. நூலாசிரியனுக்கு விதித்த குற்றத்தை வாசகன்மேல் ஏற்றுதல் முறையன்று. மேலும் நம் மரபிற் பாராயணம் என்று ஒன்று உண்டு. ஒரே பதிகத்தை நாள்தோறும் ஓதுவாரை யாரும் குறையுடையார் என்பதில்லை. திருவிளையாடல் திரைப்படம் 1965-இல் வந்த பின்னர், தருமியின் உரையாடலை முழுதும் ஒப்பிக்கும் பெரியோரை ஊர்தோறும் கண்டோம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாரும் இல்லை. பெரும்பான்மையோர் செய்தால் சுவை, ஒருவன் தனித்துச் செய்தால் நோய் என்னும் அளவுகோல் திறனாய்வுக்கு ஆகாது.

இதற்கு மேலைநாட்டுச் சான்று ஒன்று காட்டுவோம். அமெரிக்க இதழாளர் ரான் சஸ்கைண்டின் மகன் ஓவன் ஏறத்தாழ மூன்றாம் அகவையிற் பேச்சை இழந்தவர். டிஸ்னி நிறுவனத்தின் கேலிச்சித்திரத் திரைப்படங்களை மீண்டும் மீண்டும் கண்டு அவற்றின் உரையாடல்களை உள்ளத்தே சேர்த்து வைத்திருந்தார். ஒருநாள் தந்தை அலாவுதீன் படத்துக் கிளியின் பாவையைக் கையில் ஏந்தி அதன் குரலிற் பேசியபொழுது மகன் மறுமொழி கூறினார். 2014-இல் தந்தை எழுதிய நூலும், 2016-இல் வந்த ஆவணப்படமும் இதனை விரிக்கும். ஒப்பித்த சொற்கள் வெற்றொலி அல்ல. உரிய சொல் வாயில் வாராதபொழுது கடனாகப் பெற்ற சொற்கள் அவை. தேவாரத் தொடரால் தம் துயர் கூறும் நம் மூதாட்டியரும் வேறென் செய்கின்றனர்?

மூத்த திருப்பதிகங்கள் இரண்டனுள் ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று இந்தளத்திலும் அமைந்தவை. இவற்றில் எம் நோக்கைக் கவர்வது எண்ணிச் செல்லும் இயல்பு. சுடுகாட்டின் முள்மரங்கள் பெயர் பெயராக வருகின்றன. ஒரு பாட்டில் இசையின் சுரப்பெயர்களும் கொக்கரை, தக்கை, மொந்தை, குடமுழா முதலிய கருவிகளும் நிரல்பட நிற்கின்றன. உரைகாரர் இதனைக் கூத்தின் வளம் காட்டும் பட்டியல் என்று கூறிக் கடப்பர். ஆனால் அஞ்சத்தக்க இடத்தை உற்றுநோக்கிப் பெயரிடும்பொழுது அச்சம் பொருள்களாகப் பிரிந்துவிடுகின்றது. தொடர்வண்டிகளின் நேரத்தையும், பறவைகளின் வகைகளையும், திரைப்படங்களின் ஆண்டுகளையும் வரிசைப்படுத்தி மகிழும் ஒருவர் இப்பாட்டின் உள்ளியக்கத்தை நம்மினும் விரைந்து உணர்வர் என்றே எண்ணுகின்றோம். மெய்ப்பாட்டியல் அச்சத்துக்குரிய நிலைக்களன்களுள் அணங்கை முதலில் வைக்கின்றது. பேயை அஞ்சுவோர் நோக்கு அது. பேயே பாடும் பாட்டில் நிலைக்களன் மாறுகின்றது, சுடுகாடு மனையாகின்றது.

இவ்வாறு கூறுதலால் இந்நிலையுடையார் அனைவர்க்கும் அந்தாதி மருந்து என்று கொள்ளற்க. ஆட்டிசமுடையார் ஒருவரைப்போல் ஒருவர் இலர். எழுத்துகளைப் படித்தறிய இடர்ப்படுவோர்க்கு அச்சிட்ட வெண்பா ஆறுதலன்று, துன்பமே. சீர் பிரிவதும் சொல் பிரிவதும் வேறாகி நிற்கும் பழம்பதிப்பு பட்டம் பெற்றோரையும் தடுமாறச் செய்யும். அவர்க்கு ஓதுவார் குரலே நூல். திரைப்படத்தின்கண் இதற்கு ஒரு சிறப்புண்டு. அரங்கில் ஒலியும் இருளும் தாங்காதவர், வீட்டில் ஒலியைக் குறைத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டிய காட்சியைத் திருப்பிக் காணலாம். யாம் மேலே குறைகூறிய 1973-ஆம் ஆண்டுப் படமும் இவ்வகையால் ஒருவர்க்குத் துணையாதல் கூடும். கதையால் ஆகாதது சுந்தராம்பாளின் ஒரே பாட்டை இருபதுமுறை கேட்டலால் ஆகலாம். அவ்வளவில் எம் குறைகூறலைச் சுருக்கிக்கொள்ள உடன்படுகின்றோம்.

காரைக்காலில் ஆனித் திங்கள் முழுமதியை ஒட்டி மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. பிட்சாடனர் உலா வரும் தெருக்களில் வீடுகளின் மேலிருந்து மாங்கனிகளை வீசுவர். கூட்டம் முண்டியடித்து அவற்றை ஏந்தும். மேளமும் கூச்சலும் நெருக்கமும் அம்மையார் பெயராலேயே நிகழ்கின்றன. கூட்டத்தின் ஒலியைத் தாங்கவியலாத காரைக்கால் இளைஞர் ஒருவருக்கு அவ்விழா அடைத்த கதவுக்கு அப்பால் நிகழ்வது. அவர் கையில் அந்தாதி இருப்பின், ஊர் கொண்டாடும் புனிதவதியாரை அவர் இழந்தவராகார். தம்மைப் பேயென்று கூறிக்கொண்டவரை அவர் பெற்றிருப்பர்.

இவ்வூர் 1739 முதல் பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்து 1954-இல் இந்தியாவோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம், 1956-இல் தன் முதல் வெளியீடாக எடுத்துக்கொண்டது அம்மையார் பாடல்களையே. காரவேலனாரின் பதிப்பும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் ஃபிலியோசாவின் முன்னுரையோடு வந்தன. மொழிபெயர்ப்பிற் பொருள் செல்லும். ஒரு பாட்டின் ஈற்றுச்சொல்லே அடுத்த பாட்டின் முதற்சொல்லாக நிற்கும் தொடை வேற்றுமொழியின் சொல்லமைப்புக்கு எளிதில் இசையாது. யாம் கூறிய ஆறுதல் அத்தொடையிலேயே பெரும்பாலும் தங்கியிருத்தலின், தமிழில் இனி வரும் பதிப்புகளேனும் இணைப்புச் சொற்களை வேற்றெழுத்தால் காட்டி, சந்தி பிரித்த வடிவத்தை எதிர்ப்பக்கத்தில் தந்து, முழுநூலின் ஓதலையும் உடன்சேர்த்து வெளியிடுதல் வேண்டும். 101 வெண்பாக்களையும் நிறுத்தாது ஓதிய பதிவாயின், இறுதி வெண்பாவின் பின் இடைவெளி விடாமல் முதல் வெண்பாவுக்கே அது திரும்புமாறு அமைத்தல் நன்று.